ஐந்து யூனிட்டுக்கு 273 ரூபாயா? – கரண்ட் கேள்வி பதில்

(வீட்டு மின்சாரம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மதுரைக்கார அம்மா ஒருவர் பதில் சொல்கிறார். பதில்களில் வரும் தொகை எல்லாம் 2024 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டண வீதப்படி, அரசு மானியம் போக நாம் கட்டுவது.)

கேள்வி: போன தடவை 498 யூனிட், 1,792 ரூபாய். இந்தத் தடவை 503 யூனிட், 2,065 ரூபாய். ஐந்து யூனிட் கூடியதற்கு 273 ரூபாயா? ரீடிங் எடுக்க வந்த தம்பியிடம் கேட்டால், "மிஷின் போடுற கணக்கும்மா, எனக்கென்ன தெரியும்" என்கிறார். மாமனார் மாமியார், நாங்கள், கொழுந்தன் குடும்பம் என்று வீட்டில் மூன்று அடுப்பு எரிகிறது. மீட்டர் ஒன்றுதான்.
– ஒரு வாசகி, செல்லூர், மதுரை

பதில்: மிஷின் சரியாகத்தான் போட்டிருக்கிறது. அந்தத் தம்பி ஒரு நிமிடம் நின்று விளக்கியிருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அவரைத் திட்ட மனசு வரவில்லை.

கணக்கு இதுதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. அதற்கு மேல் 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்கிற படியே காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை மொத்தத்துக்கும் 4.70 போடுவார்கள். ஏற்கெனவே எரித்து முடித்த 100 யூனிட்டுக்கு இரட்டை விலை, அதில் மட்டும் 235 ரூபாய் கூடுதல். 501-லிருந்து யூனிட் 8.40. ஆக, அந்த 501-ஆவது யூனிட் ஒன்றே 243 ரூபாயைத் தின்றுவிடுகிறது. மற்ற நாலு யூனிட்டும் சில்லறை.

நீங்கள் 273 ரூபாயைப் பார்த்துக் கோபப்படுகிறீர்கள். எனக்கு அந்த 2,065-ஐப் பார்த்துத்தான் கோபம் வருகிறது. மூன்று குடும்பம் சேர்ந்து 503 யூனிட் என்றால் குடும்பத்துக்கு 168 யூனிட் கூட இல்லை. தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 100 யூனிட் இலவசம் போக மீதிக்கு 160 ரூபாய்தான் வரும். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 480 ரூபாய். இப்போது ஏசி போட்ட வீட்டுக்காரர் கட்டுகிற வீதத்தில் நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் உங்கள் மூன்று வீட்டிலும் ஃபேனும் லைட்டும் டிவியும் ஒரு ஃபிரிட்ஜும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இலவச 100 யூனிட் 2016 மே மாதம் வந்தபோது ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. அது மீட்டருக்குத்தான் வந்தது, அடுப்புக்கு வரவில்லை. ஒரே மீட்டரில் நெருக்கியடித்து இருப்பவர்களுக்கு அதன் பலன் பங்கு போட்ட மாதிரிதான் கிடைத்தது. நான் ரீடிங் எடுத்த தெருக்களில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன். தனி வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் பில் பூஜ்யம். பக்கத்துச் சந்தில் பதினோரு பேர் இருக்கும் வீட்டில் ஆயிரத்துச் சொச்சம்.

செய்ய வேண்டியது: மாமனார் பெயரில் வீடு என்றால் அவர் சம்மதக் கடிதத்தோடு மற்ற இரண்டு போர்ஷனுக்கும் புது இணைப்பு கேட்டு விண்ணப்பியுங்கள். தனி வாசல், தனிச் சமையல், தனி ரேஷன் கார்டு இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். ஒயரிங்கைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கொழுந்தன் வீட்டு ஃபேன் உங்கள் மீட்டரில் ஓடக் கூடாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். ஒரே குடும்பம் இலவச யூனிட்டுக்காக இரண்டு மூன்று மீட்டர் வைத்துக்கொள்வது வேறு கதை, அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். நீங்கள் நிஜமாகவே மூன்று குடும்பம். இணைப்புக் கட்டணமும் ஒயரிங் செலவும் ஆகும்தான். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,585 ரூபாய் மிச்சமாகிறதே, வருடத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். போட்ட காசு எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஐந்து வீட்டுக்கும் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் ஆகிறது, 1,500 ரூபாய். கேட்டால் "எனக்கே அவ்வளவு வருது" என்கிறார். நிஜமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பாதி நிஜம். ஐந்து வீடும் தலா 150 என்றால் அவருடைய மெயின் மீட்டரில் 750 யூனிட் ஏறும். அதற்கு அவர் கட்டுவது 4,297 ரூபாய் 50 காசு. சராசரியாக யூனிட்டுக்கு 5.73. அவருக்கும் அடி விழத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் ஐந்து பேரிடமும் வசூலிப்பது 7,500. மோட்டார், வாசல் லைட் என்று எதைச் சேர்த்தாலும் மீதி முழுவதும் செலவில் போகிறது என்று சொல்ல முடியாது.

உங்கள் பெயரிலோ, அந்த வீட்டுக்கென்று தனியாக அவர் பெயரிலோ இணைப்பு இருந்தால் 150 யூனிட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டியது 117 ரூபாய் 50 காசு. 1,500 எங்கே, 117 எங்கே. ஐந்து வீட்டுக்கும் சேர்த்தே 588 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, இடத்தின் உரிமையாளர் கேட்டாலும் சரி, குடியிருப்பவர் கேட்டாலும் சரி, இணைப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு மின் பகிர்மான விதியில், உரிமையாளர் சம்மதம் கொடுத்தால் படிவம் 5. கொடுக்காவிட்டால் படிவம் 6-இல் பொறுப்பு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, காப்புத் தொகையை இரண்டு மடங்காகக் கட்டி வாங்கலாம். வீட்டுக்காரர் தடையில்லாக் கடிதம் தரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே மாதம் சொல்லிவிட்டது.

இதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, சரி. ஆனால் ஓனரிடம் சண்டை போட்டுப் படிவம் 6 கொடுத்துவிட்டு அடுத்த மாதமும் அதே லைனில் நிம்மதியாகக் குடியிருக்க முடியுமா? கம்பெனிக்குப் பக்கத்தில் இதே வாடகைக்கு வேறு வீடு கிடைக்குமா? அதனால் முதலில் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து போய் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலான ஓனர்களுக்கு உள்ளே இருக்கும் பயம், மீட்டர் பெயர் மாறினால் வீடே கைமாறிவிடும் என்பது. மின் இணைப்பு சொத்துரிமைக்குச் சான்று ஆகாது, அதைச் சொல்லுங்கள். ஐந்து இணைப்பும் அவர் பெயரிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு மீட்டர், பில்லை நாங்கள் நேரடியாகக் கட்டிவிடுகிறோம் என்று கேளுங்கள். ஒயரிங் செலவில் பாதியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்றால் இறங்கி வருவார். சப் மீட்டரில் வரும் லாபமே அவருக்கு வருமானம் என்றால் இறங்கி வர மாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்டவர் கோபத்தில் கரண்டை நிறுத்தினால் விடாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதியை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அதற்காகவாவது வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன் சார்ஜரை பிளக்கிலேயே விட்டால் கரண்ட் ஓடுமா? மின்சாரம் சேமிக்க பத்து வழி சொல்லுங்களேன்.
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: ஓடும், ஆனால் அதில் மிச்சம் பிடித்து ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. பத்து வழி என்னிடம் இல்லை. இரண்டு சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டு யூனிட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் என்றால் நீங்கள் எதைச் சேமித்தாலும் பில் பூஜ்யம்தான். அம்மாவை லைட்டை அணைக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். 100-க்கு மேல் என்றால் ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். புதிதாக வருகிற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில்தான், 27 யூனிட். மிச்சம் 40 யூனிட். நீங்கள் 4.70 படியில் இருந்தால் 188 ரூபாய், 2.35 படியில் இருந்தால் 94 ரூபாய். ஃபேன் விலையோடு வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். பழைய ஃபேன் காயில் போய் மாற்ற வேண்டி வரும்போது வாங்கினால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, செட்டாப் பாக்ஸ். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். 10 வாட் என்றாலும் நாள் முழுக்க என்றால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடுகிறது. சுவிட்சில் அணையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வருபவர் ஒரு தடவை 60 நாளில் வருகிறார், ஒரு தடவை 66 நாள். அதனால் எங்களுக்கு நஷ்டமா? மாதாமாதம் எடுத்தால் நல்லதுதானே?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நஷ்டம்தான், அதுவும் 500 பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் பெரிய நஷ்டம். ஒரு நாளைக்கு 8 யூனிட் செலவாகிற வீடு என்று வையுங்கள். 60 நாளில் 480 யூனிட், 1,679 ரூபாய். 66 நாளில் 528 யூனிட், 2,275 ரூபாய். ஆறு நாள் தாமதத்துக்கு கிட்டத்தட்ட 600 ரூபாய். அடுத்த முறை 54 நாளில் வந்து ஈடுகட்டினாலும் போன காசு முழுவதும் திரும்பாது. நீங்கள் அட்டையில் இருக்கும் இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். கெடு தேதி வந்தும் ஆள் வரவில்லை என்றால் அன்றே மீட்டரை போனில் படம் எடுத்து வைத்து, பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது நிற்காது. எங்கள் ஆபீஸ்களின் குணம் எனக்குத் தெரியும்.

மாதாந்திரக் கணக்கு வேண்டும் என்கிற பேச்சு 2021 தேர்தல் சமயத்தில் பலமாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. படிகளையும் பாதியாக்கித்தான் மாதக் கணக்கு போடுவார்கள், அதாவது 50 யூனிட் இலவசம், 250-இல் அந்தக் கோடு. மே மாதம் 300 யூனிட் ஓடி ஜூனில் 190 ஓடினால் இப்போதைய முறையில் 490, தப்பித்தீர்கள். மாதக் கணக்கில் மே மாதம் மாட்டிக்கொள்வீர்கள். தினக்கூலி வீட்டுக்கு மாதக் கணக்கின் நிஜமான நன்மை வேறு. இரண்டு மாதப் பணத்தை ஒரே கையில் புரட்ட வேண்டியதில்லை. அந்த நன்மையை இப்போதே எடுத்துக்கொள்ளலாம். வாரியத்தில் முன்பணம் கட்டி வைக்க வழி இருக்கிறது. கையில் இருக்கும்போது இருநூறு முந்நூறு என்று உங்கள் சர்வீஸ் நம்பரில் போட்டு வையுங்கள், பில் வரும்போது கழிந்துவிடும்.

கேள்வி: அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், இரண்டு மாதத்துக்கு 140 யூனிட். "சூரிய வீடு திட்டம், மானியம் இருக்கு, இனி வாழ்நாள் முழுக்க கரண்ட் இலவசம்" என்று ஒரு ஏஜென்ட் துரத்துகிறார். போடலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை

பதில்: வேண்டாம் தம்பி. திட்டம் நிஜம்தான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த பிரதமர் சூர்ய கர் திட்டம். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000. ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், நிழல் விழாத மொட்டை மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

அம்மாவின் 140 யூனிட்டுக்கு இப்போது பில் எவ்வளவு? 94 ரூபாய். வருடத்துக்கு 564. மானியம் போக உங்கள் கையிலிருந்து 30,000 போனால்கூட அதை எடுக்க ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகும். பேனலின் ஆயுளே 25 வருடம் என்கிறார்கள். இதே திட்டம் 800 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு அருமையானது. யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கட்டுகிறவருக்கு மாடியில் விளைவதும் ஒன்பது ரூபாய் யூனிட். அம்மாவுக்கு விளைவது 2.35 ரூபாய் யூனிட், அதுவும் 40 யூனிட்தான். அவர் ஓட்டு வீட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம், அந்தக் கூரை பேனலின் பாரத்தைத் தாங்காது.

அந்தப் பணத்தில் அம்மா வீட்டு ஒயரிங்கை மாற்றுங்கள். முப்பது வருடத்து ஒயராக இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பான் ஒன்று போடுங்கள். கொல்லையில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டியிருந்தால், அதுவும் சர்வீஸ் ஒயர் பக்கத்தில் கட்டியிருந்தால், இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் கொடிக்கம்பியில் கரண்ட் பாய்ந்து போன உயிர்கள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமா?

கேள்வி: மலைக்கிராமம் ஒன்றில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். முப்பது வீடு, கரண்ட் இல்லை. "காட்டுக்குள்ளே கம்பம் நட முடியாது" என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு ஒரு சோலார் லைட் கொடுத்தது, முக்கால்வாசி இப்போது எரியவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: முடியாது என்பது சரியில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்த யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர் என்று பதின்மூன்று வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம் என்று அதில் பட்டியல் இருக்கிறது. மின் கம்பியும் அதில் ஒன்று. நிபந்தனை மூன்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இதற்கு 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட வழி தேவையில்லை, மாவட்ட அளவிலேயே வன அலுவலரிடம் முடிகிற காரியம். புலிகள் காப்பகத்துக்குள் என்றால் பேச்சு இன்னும் நீளும். ஆனாலும் தொடங்க வேண்டிய இடம் கிராம சபைத் தீர்மானம்தான். அதை வாரியத்தின் உதவிப் பொறியாளர், வன அலுவலர், ஆட்சியர் மூவருக்கும் அனுப்புங்கள். யானை நடமாட்டம் இருக்கும் என்பதால் தீர்மானத்திலேயே உறை போட்ட கம்பியோ தரைக்கடியில் கேபிளோ கேட்டுவிடுங்கள். தாழத் தொங்கும் வெறுங்கம்பி யானைக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. வனத்துறையின் முதல் ஆட்சேபமும் அதுவாகத்தான் இருக்கும்.

சோலார் லைட் விஷயத்தில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கொடுக்கிறவர்கள் பேனலைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பேனல் கெடுவதில்லை, பேட்டரிதான் சாகிறது. 40 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 160 வாட் மணி தரும். மூன்று 5 வாட் பல்பு ராத்திரி ஐந்து மணி நேரம் எரிந்தால் 75 ஆகிவிடும். இரண்டு போன் சார்ஜ் செய்யலாம், அவ்வளவுதான். யாரோ ஒருவர் சின்ன டிவி ஒன்றை மாட்டி மூன்று மணி நேரம் பார்த்தால் பேட்டரி அடிமட்டத்துக்குப் போகும். தினம் இப்படிப் போனால் சீக்கிரமே படுத்துவிடும். லைட் பாதியில் அணைகிறது என்று சார்ஜ் கன்ட்ரோலரைத் தவிர்த்து நேரடியாக ஒயர் கொடுப்பது இன்னும் மோசம். அந்தப் பெட்டி அணைப்பதே பேட்டரியைக் காப்பாற்றத்தான்.

எரியாத லைட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேனலைத் துடைத்து வெயிலில் வைத்து ஒரு எலெக்ட்ரீஷியனை விட்டு வோல்ட் பாருங்கள், பத்துக்கு எட்டு நன்றாகவே இருக்கும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பாருங்கள். ஓடைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. வீட்டுக்கு மாதம் முப்பது ரூபாய் என்று மகளிர் குழுவில் தனிக் கணக்காகப் போட்டு வையுங்கள். முப்பது வீட்டுக்கும் மாதம் 900 ரூபாய் சேரும், முறை வைத்து பேட்டரி மாற்றிக்கொண்டே வரலாம். ஊரில் பத்தாவது படித்த பெண் பிள்ளை யாராவது ஒருத்திக்கு வோல்ட் பார்க்கும் மீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். பெண் பிள்ளை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பையன்கள் கற்றுக்கொண்டதும் கீழே டவுனுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: பில் கட்டத் தாமதமாகி ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா இரக்கப்பட்டு ஒயர் போட்டுக் கொடுத்திருக்கிறார். தப்பா?
– பெயர் வேண்டாம், அனுப்பானடி

பதில்: அக்காவின் மனசு தங்கம், ஆனால் அவரை மாட்டிவிடாதீர்கள். தனக்கு அனுமதித்த இடம் அல்லாத வேறு இடத்துக்குக் கரண்ட் கொடுப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு. இரட்டைக் கட்டணம் போடுவார்கள், எத்தனை நாள் என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுவார்கள். ஜன்னல் வழியாக வரும் ஒயர் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பது தனி. பிரிவு அலுவலகத்துக்குப் போய் பாக்கியையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் கேட்டு முதலில் அதைக் கட்டுங்கள். கடன் வாங்கினாலும் பரவாயில்லை, வெளியில் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படாமல் வாங்குங்கள்.

கேள்வி: வாரியத்தில் சம்பளம் வாங்கிவிட்டு இப்போது வாரியத்துக்கு எதிராக எழுதுகிறீர்களே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பென்ஷனும் வாங்குகிறேன், அதை விட்டுவிட்டீர்கள். சரியான பில்லைச் சரியான ஆள் கட்டுவது வாரியத்துக்கு எப்படி எதிராகும்? லைன்மேன்கள் புயல் மழையில் கம்பத்தில் ஏறுவதைப் பற்றியும் ஒரு முறை எழுதுகிறேன்.

கேள்வி: ஓட்டு வீடு. இரண்டு ஃபேன், நாலு லைட், டிவி. எப்போதும் 120 யூனிட்டுக்குள்தான். இந்தத் தடவை பில் 11,000 ரூபாய்க்கு மேல். வீட்டுக்காரர் சித்தாள் வேலைக்குப் போகிறவர். கட்டாவிட்டால் கரண்டை நிறுத்திவிடுவோம் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, மானாமதுரை

பதில்: பயப்படாதீர்கள். ஒன்று ரீடிங்கில் இலக்கம் மாறியிருக்கும், அல்லது மீட்டர் கெட்டிருக்கும், அல்லது வீட்டில் எங்கோ கசிவு. மூன்றையும் நீங்களே பிரித்துப் பார்க்கலாம்.

மீட்டரில் இப்போது ஓடும் எண்ணை அட்டையில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மீட்டரில் இருப்பது அட்டையில் இருப்பதைவிடக் குறைவு என்றால் எழுதினதில்தான் தப்பு. எண் சரியாக இருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு லைட் மின்னும் பாருங்கள், மெயினை அணைத்த பிறகும் அது மின்னிக்கொண்டே இருந்தால் மீட்டரில் கோளாறு, இல்லையென்றால் மெயினுக்கு முன்னாலேயே யாரோ இழுக்கிறார்கள். மெயினைப் போட்டுவிட்டு வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிய பிறகு மின்னினால் ஒயரிங்கில் கசிவு. கசிவும் இல்லையென்றால் ஒரு 60 வாட் குண்டு பல்பை மட்டும் ஐந்து நிமிடம் எரிய விடுங்கள். மீட்டரின் முகப்பில் யூனிட்டுக்கு 3200 என்று எழுதியிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் 16 தடவை மின்ன வேண்டும். முப்பது, நாற்பது என்று மின்னினால் மீட்டர் வேகமாக ஓடுகிறது.

பார்த்ததை ஒரு தாளில் எழுதி, மீட்டரைச் சோதிக்கக் கேட்டு பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். சோதனைக்குக் கட்டணம் உண்டு, ரசீது வாங்குங்கள். அதோடு 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் புகாரைப் பதிந்து, அவர்கள் கொடுக்கும் புகார் எண்ணை மனுவின் நகலில் எழுதி வையுங்கள்.

அப்புறம் மிக முக்கியமானது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தகராறு இருக்கிறது என்று சொல்லி, கேட்ட தொகையையோ அல்லது கடந்த ஆறு மாதச் சராசரிக் கணக்கில் வரும் தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. உங்கள் சராசரி ஐம்பது ரூபாய்க்குள்தான் இருக்கும். கவுண்ட்டரில் வாங்க மாட்டோம் என்பார்கள். "56-ஆவது பிரிவின்படி ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று ஒரு வரி எழுதி உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுங்கள், அவர் மறுத்தால் செயற்பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். வீட்டுக்காரரை ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைய வைக்க வேண்டாம். நீங்களே போங்கள், பழைய அட்டையையும் கடைசி மூன்று ரசீதையும் கையில் எடுத்துக்கொண்டு.